விண்மீன் போர்க்களத்திற் புகுவோர்க்கு

சதுரங்கப் பலகையின்முன் இருவர் அமர்ந்து நாழிகைக்கணக்காகச் சிந்தித்திருப்பதைக் கண்டால், அவர்களை வீணர் என்று இகழ்வார் எவருமிலர். அவ்விருவரே கணினித் திரையின்முன் அமர்ந்து சேனை நடத்துவாராயின், அவர்களைக் குறித்துக் கவலை கொள்வார் பலர். இவ்வேறுபாடு முற்றும் நியாயமானதன்று, முற்றும் அநியாயமானதுமன்று. அதுபற்றி நாம் கருதுவதை இக்கட்டுரையின் இறுதியிற் கூறுவோம். அதற்கு முன்னர், கணினி விளையாட்டுகளுள் மதிநுட்பத்திற்குப் பேர்பெற்ற ஒன்றை, அதனை இதுகாறும் அறியாத நண்பர்க்கு அறிமுகஞ் செய்துவைத்தலே நம் நோக்கம். அதன் பெயர் ஸ்டார்கிராஃப்ட்.

இதனை எழுதத் தூண்டிய காரணம் ஒன்றுண்டு. இவ்விளையாட்டைத் தொடங்குவோர் பலர்; தொடர்வோர் மிகச் சிலர். நாலைந்து ஆட்டங்கள் தோற்றவுடனே விட்டுவிடுகின்றனர். ஏன் என்று வினவினால், ‘எங்கட்குக் கைவேகம் போதாது’ என்று விடை கூறுகின்றனர். இவ்விடையை நாம் ஒப்புவதில்லை. தொடக்கநிலையில் தோற்பவர் கைவேகக் குறைவினால் தோற்பதில்லை. கருவூலத்தில் பொருளிருந்தும் அதனைச் செலவிடாமல் வைத்திருந்தமையாலேயே தோற்கின்றனர். இஃதொன்றை உணர்ந்தவர்க்கு இவ்விளையாட்டின் கதவு திறந்துவிடும். ஆதலின் இதனையே நாம் பல முகமாக விளக்கப் புகுகின்றோம்.

முதலில் இதன் வரலாற்றைச் சுருங்கச் சொல்லுவோம். வீரரைத் திரட்டிப் பொருளீட்டி நகர் சமைத்துப் பொரும் இவ்வகை ஆட்டங்களுக்கு உருவம் கொடுத்தது, 1992-ஆம் ஆண்டில் வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் நிறுவனத்தார் வெளியிட்ட ‘டியூன் 2’ என்பது. பின்னர் 1994-இல் பிளிஸார்டு நிறுவனத்தார் ‘வார்கிராஃப்ட்’ என்பதனை வெளியிட்டனர். அவர்களே விண்வெளியைக் களமாகக்கொண்டு மற்றொன்றைத் தொடங்கி, 1996-இல் அமெரிக்க நாட்டுக் கண்காட்சியொன்றில் பார்வைக்கு வைத்தனர். கண்டவர், ‘பழைய ஆட்டத்திற்கே புதுச்சாயம் பூசியிருக்கின்றனர்’ என்று நகைத்தனர். செய்தவர் சினங்கொள்ளவுமில்லை, கைவிடவுமில்லை; செய்ததன் பெரும்பகுதியை மீண்டும் முதலிலிருந்து செய்தனர். அவ்வாறு உருவான ஸ்டார்கிராஃப்ட் 1998 மார்ச்சு 31-ஆம் நாள் வெளிவந்தது. அதன் இரண்டாம் பாகம் 2010 ஜூலையில் வெளிவந்தது. முதல் தோல்வியோடு ஓடிவிடுகின்ற புதியவர், தாம் ஆடும் ஆட்டமே ஒருமுறை தோற்று எழுந்ததென்பதை நினைவிற் கொள்வாராக.

சதுரங்கத்திற்கும் இதற்குமுள்ள பெரும் வேறுபாடு இரண்டு. சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தும்வரை மற்றவர் காத்திருப்பார். இங்கே காத்திருத்தல் என்பதில்லை. இருவரும் ஒரே காலத்தில் இயங்குவர். நாம் சிந்திக்கும் நேரத்திலும் எதிரியின் கொல்லுலை அவியாது. இனி, சதுரங்கத்தில் பலகை முழுவதும் இருவர் கண்ணுக்கும் தெரியும். இங்கேயோ நம் வீரர் நிற்கும் இடத்தைச் சுற்றியுள்ளது மட்டுமே தெரியும். ஏனைய நிலமெல்லாம் மூடுபனியால் மறைக்கப்பட்டிருக்கும். ஆகவே இஃது அறிந்ததைக்கொண்டு கணக்கிடும் ஆட்டமன்று. அறியாததைக் குறித்தும் துணிந்து முடிவு செய்யவேண்டிய ஆட்டமாகும். வாழ்க்கையில் நாம் செய்யும் முடிவுகளிற் பல இத்தகையனவே அன்றோ?

இவ்விளையாட்டின் கதை நடக்குமிடம் கொப்புருலு என்னும் தொலைதூர விண்மீன் மண்டலம். ஆங்கே மூன்று இனத்தார் பொருகின்றனர். டெர்ரன் என்பார் நம்மைப்போன்ற மனிதர். பூமியிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளின் வழிவந்தோர். ஸெர்க் என்பன ஒரே மனத்தால் ஆளப்படும் உயிர்த்திரள். தாம் வென்ற உயிர்களின் நற்கூறுகளையெல்லாம் தம்முள் சேர்த்துக்கொள்வன. புரோட்டாஸ் என்பார் தொன்மையும் பெருமிதமும் உடைய பேரறிவினர். மூவர்க்கும் ஆயுதமும் வேறு, கட்டுமானமும் வேறு, போர்முறையும் வேறு. ஆயினும் முறையறிந்து ஆடுவோர் கையில் மூன்றும் ஏறக்குறைய ஒத்த வலியுடையனவாய் நிற்கின்றன. இச்சமநிலையே இவ்வாட்டம் கால் நூற்றாண்டுக்கு மேலும் நிலைத்திருப்பதன் இரகசியம்.

மூவினத்தின் இயல்பையும் அறிவதற்குப் பெரும்போர்களைப் பார்க்கவேண்டுவதில்லை. ஒரு கட்டடம் எழும்புவதைப் பார்த்தாற் போதும். டெர்ரன் வேலையாள், கட்டடம் முடியும்வரை அருகில் நின்று சுற்றிச்சுற்றி வேலை செய்யவேண்டும். அதுவரை அவனால் கனிமம் தோண்ட இயலாது. புரோட்டாஸ் வேலையாளோ இடத்தைக் குறித்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பிவிடலாம். கட்டடம் தானே எங்கிருந்தோ வந்து உருக்கொள்ளும். ஆனால் பைலன் என்னும் தூணின் ஆற்றல் பரவிய இடத்திலன்றிப் பெரும்பாலான கட்டடங்கள் அவர்க்கு எழா. ஸெர்க் இனத்தின் வேலைப்புழு தானே கட்டடமாக மாறிவிடும். மாறியபின் அது மீளாது. ஒருவர்க்கு நேரம் செலவு, ஒருவர்க்கு இடம் கட்டுப்பாடு, ஒருவர்க்கு ஆளே செலவு. எவ்வினத்தைத் தெரிந்தாலும் ஏதேனுமொன்றைக் கொடாமல் ஒன்றைப் பெறமுடியாது என்பது இதனால் விளங்கும்.

விலைகளைப் பார்க்கினும் இதுவே தோன்றும். டெர்ரன் காலாள் மெரீன் ஒருவனுக்கு 50 கனிமம். அதே விலைக்கு ஸெர்க்லிங் என்னும் நாய்போன்ற விலங்குகள் இரண்டு கிடைக்கும். புரோட்டாஸ் வீரன் ஸெலட் ஒருவனுக்கு 100 கனிமம் வேண்டும். ஆகவே ஒரு ஸெலட் இரு மெரீனுக்கும் நான்கு ஸெர்க்லிங்குக்கும் ஈடான விலையினன். எண்ணிக்கையால் வெல்வதா, உரத்தால் வெல்வதா, தூரத்தில் நின்று சுட்டு வெல்வதா என்பதை அவரவர் இயல்புக்கேற்பத் தெரிந்துகொள்ளலாம்.

இனி, நம்முடைய முதல் தோல்வியைச் சொல்லுவதற்கு நாணவில்லை. கதைப்பகுதியிற் சில கட்டங்களைக் கடந்தவுடனே நமக்கு வீரம் மிகுந்தது. முன்பின் அறியாத ஒருவருடன் வலைவழியே பொருதோம். பெரும் பீரங்கி வண்டிகளையும் விண்கலங்களையும் கொண்டு எதிரியைப் பொடியாக்குவதாக எண்ணம். அவற்றிற்கு வேண்டிய பொருளைச் சேர்ப்பதற்காகக் கனிமத்தைத் தொடாமல் வைத்திருந்தோம். திரையின் மேன்மூலையில் எண் ஏறுவதைக் கண்டு மனம் மகிழ்ந்தது. 1,000-ஐக் கடந்தபோது நாம் செல்வரானோம் என்றே கருதினோம். அவ்வேளையில் இருபது மெரீன்கள் நம் வாயிலிற் புகுந்தனர். நம்மிடம் இருந்தவர் நால்வர். ஆறு நிமிடத்திற்குள் யாவும் முடிந்தன. ‘அவருக்குக் கைவேகம் அதிகம்’ என்று நாமும் அன்று சொல்லிக்கொண்டோம்.

பின்னர் அவ்வாட்டத்தின் பதிவை எடுத்துப் பார்த்தோம். இவ்விளையாட்டில் ஒவ்வோர் ஆட்டமும் முடிந்தபின், இரு தரப்பாரும் செய்தவற்றை முதலிலிருந்து பார்க்கும் வசதியுண்டு; அதனை ரீப்ளே என்பர். பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. எதிரியின் கை நம் கையினும் விரைவாக இயங்கியதன்று. அவருடைய கருவூலம் எப்பொழுதும் வெறுமையாக இருந்தது, அவ்வளவே. நம்மிடம் உறங்கிய 1,000 கனிமம் இருபது மெரீன்களின் விலை. நம் வாயிலிற் புகுந்தவரும் சரியாக இருபதின்மர். அவர் நம்மினும் மிகுதியாக ஈட்டவில்லை. ஈட்டியதை உடனுக்குடன் வீரராக்கியிருந்தார். நாமோ அதனை எண்ணாகவே வைத்துக் காத்திருந்தோம். எண் போர் செய்யுமா?

ஆதலின் புதியவர்க்கு நாம் கூறும் முதல் அறம் ‘செலவிடுக’ என்பதே. இல்லறத்தில் சேமிப்பு நல்லதாகலாம். இக்களத்தில் அது பெருங்குற்றம். ஆயினும் செலவிற்கும் ஒரு முறையுண்டு. இரண்டாம் பாகத்தில் ஆட்டம் தொடங்கும்போது 12 வேலையாட்களும் 50 கனிமமும் கைவசமிருக்கும். அந்த 50-ஐ முதற்கணமே மற்றொரு வேலையாளுக்குச் செலவிடல் வேண்டும். அவன் தோண்டிக் கொணர்வதால் அடுத்தவன் விரைவில் வருவான். ஒரு தளத்தில் கனிமத் திட்டு எட்டும் வாயு ஊற்று இரண்டும் இருக்கும். திட்டொன்றுக்கு இருவராக 16 பேரும், ஊற்றொன்றுக்கு மூவராக 6 பேரும், ஆக 22 பேர் ஒரு தளத்திற்குப் போதும். இந்நிலையை எய்துமுன்னரே இரண்டாம் தளத்திற்கு வழிதேட வேண்டும். வேலையாளைச் செய்வதை நிறுத்திவிட்டுப் போர் நினைவில் மூழ்குதல், விதைநெல்லை உண்டுவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பதை ஒக்கும்.

இரண்டாவது, ஆட்களுக்கு இடம் வேண்டும். டெர்ரன் தலைமைக் கட்டடம் 15 ஆட்களுக்கே இடமளிக்கும். பதினைந்து நிரம்பினால் கருவூலத்தில் எவ்வளவு பொருள் குவிந்தாலும் ஓர் ஆளும் பிறவான். சப்ளை டிப்போ என்னும் கிடங்கொன்றை 100 கனிமத்திற் கட்டினால் இன்னும் 8 பேருக்கு இடமுண்டாகும். பதினான்காம் ஆளின்போது கிடங்கு, பதினாறாம் ஆளின்போது பாசறை என்று பழகியவர் மனப்பாடமாக வைத்திருப்பர். இது மந்திரமன்று, முட்டுப்பாடு வருமுன் வழிசெய்யும் முன்யோசனை. புதியவர் பெரும்பாலும் திரையில் எச்சரிக்கைக் குரல் எழுந்தபின்னரே கிடங்கு கட்டத் தொடங்குவர். கிடங்கு முடியும்வரை பாசறைகள் சும்மா கிடக்கும், பொருள் குவியும். பொருள் குவிதல் நோயின் குறி. நோயோ முன்னமே வந்துவிட்டது.

மூன்றாவது, ஒற்று. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று வள்ளுவனார் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார்; பின்னர் ஒற்றாடலுக்கெனத் தனியே ஓர் அதிகாரமும் வகுத்தார். அம்முறையின் பொருத்தத்தை இக்களத்தில் கண்கூடாகக் காணலாம். ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திற்குள் வேலையாள் ஒருவனை எதிரியின் தளத்திற்கு அனுப்புதல் வேண்டும். பாசறை ஒன்றா மூன்றா, இரண்டாம் தளம் உண்டா இல்லையா, வாயு எடுக்கின்றாரா இல்லையா என்பவற்றை அவன் கண்டு வந்தால், அடுத்த ஐந்து நிமிடத்தில் வரவிருப்பது யாதென்பதை ஒருவாறு ஊகிக்கலாம். மூன்று பாசறை கண்டும் இரண்டாம் தளம் கட்டுபவன் மடவன். ஒரு பாசறையே கண்டும் அஞ்சித் தளத்திற்குள் ஒடுங்கிக் கிடப்பவனும் மடவனே. ஒற்றனாகச் சென்றவன் இறப்பினும் அவன் விலை 50 கனிமம்தான். அவன் கொணரும் செய்தியின் விலை சிலபோது ஆட்டம் முழுவதுமாகும்.

நான்காவது, வாயில். பெரும்பாலான களங்களில் நம் முதல் தளம் மேட்டின்மேல் அமைந்திருக்கும். அதற்கு ஏற ஒரு சரிவு உண்டு. ஸெர்க் இனத்தார் சிலர், ஆட்டம் தொடங்கியவுடன் பிற யாவற்றையும் விடுத்து ஸெர்க்லிங்குகளைப் பெருக்கி ஓடிவருவர். முதன்முதல் இதனைக் காண்பவர் திகைத்துப்போவர். பலர் ‘இது முறையன்று’ என்று சினந்து வெளியேறுவர். நாம் அவ்வாறு கருதவில்லை. டெர்ரன் இனத்தார் சரிவின் உச்சியில் இரு கிடங்குகளையும் ஒரு பாசறையையும் நெருக்கிக் கட்டினால் அதுவே மதிலாகிவிடும். கிடங்குகளை வேண்டும்போது நிலத்துள் தாழ்த்தலாம். தம்மவர் வெளிச்சென்றபின் மீண்டும் உயர்த்தலாம். கட்டியே தீரவேண்டிய கட்டடங்கள்தாமே இவை? அவற்றை எங்கே கட்டுவது என்பதில் சிறிது கருத்துச் செலுத்தினால் மதிலுக்கெனத் தனிச் செலவில்லை. திடீர்த் தாக்குதலால் தோற்றவன் எதிரியை வைவதினும் தன் வாயிலைப் பார்ப்பது நன்று.

இனி, பயில வேண்டிய முறையைக் கூறுவோம். புதியவர் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குதல் எளிது. முதற்பாகத்தில் ஒரே வேளையில் பன்னிரண்டு வீரரையே சேர்த்து ஏவலாம். இரண்டாம் பாகத்தில் அக்கட்டுப்பாடில்லை. அன்றியும் 2017 நவம்பர் முதல் அதன் முதற்கதைப்பகுதியும் பிறரோடு பொரும் பகுதியும் விலையின்றிக் கிடைக்கின்றன. முதலில் கதைப்பகுதியை ஆடுக. அது கருவிகளை ஒவ்வொன்றாகக் கையிற் கொடுத்துப் பழக்கும். அடுத்து ஓரினத்தை மட்டும் தெரிந்துகொண்டு, கணினியை எதிரியாக வைத்து, எளிய படியிலிருந்து படிப்படியாக ஏறுக. மூன்றினத்தையும் ஒருங்கே பயில முயல்பவர் மூன்றிலும் அரைகுறையாவர். மவுஸினால் மட்டும் ஆடாமல், விசைப்பலகையின் குறுக்குவிசைகளைத் தொடக்கத்திலேயே பழகுக. பின்னர் மாற்றுவது கடினம். அதன்பிறகே மனிதரோடு பொருக. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னும் பதிவைப் பார்த்து ஒரே வினாவை எழுப்புக: ‘என் கருவூலம் எந்த நிமிடத்தில் பெருகத் தொடங்கியது?’ அந்நிமிடமே தோல்வியின் பிறப்பிடம்.

கைவேகம் குறித்த ஐயத்திற்கு இங்கே விடை கூறவேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர் நிமிடத்திற்கு 300-க்கும் மேற்பட்ட ஏவல்களை இடுவர் என்பது மெய்யே. அது பல்லாண்டுப் பயிற்சியின் பயன். தொடக்கத்திற்கு வேண்டிய தகுதியன்று. இதற்கு நல்லதொரு சான்று இயந்திரத்திடமிருந்தே கிடைத்திருக்கிறது. டீப்மைண்ட் நிறுவனத்தார் ஆல்ஃபாஸ்டார் என்னும் செயற்கை அறிவை இவ்விளையாட்டிற் பழக்கினர். முதலில் அது மனிதர் ஆடிய ஆட்டங்களின் பதிவுகளைப் பார்த்துப் பயின்றது. பின்னர்த் தன்னைப்போன்ற இயந்திரங்களோடு பொருது தேர்ந்தது. 2019 ஜனவரியில் வெளியிடப்பட்ட ஆட்டங்களில், டி.எல்.ஓ., மானா என்னும் புனைபெயருடைய தொழில்முறை ஆட்டக்காரர் இருவரையும் ஐந்துக்கு ஐந்தாக வென்றிருந்தது. அதன் சராசரி வேகம் தேர்ந்த மனிதரினும் மிகுதியன்று. ஆயினும் போரின் நெருக்கடியில் மனிதக் கைக்கு எட்டாத நுட்பம் காட்டியதென்றும், களம் முழுவதையும் ஒரே நோக்கிற் கண்டதென்றும் சிலர் குறை கூறினர், அக்குறை நியாயமே. எனினும் கண்டோரை வியப்பித்த மற்றொன்றுண்டு: அது வழக்கத்தினும் மிகுதியான வேலையாட்களைச் செய்துகொண்டிருந்தது. எண்ணற்ற ஆட்டங்களில் தோற்றும் வென்றும் தேறிய இயந்திரம் கண்ட முடிவுகளுள், உழைப்பாளரைப் பெருக்குக என்பதும் ஒன்று.

மனிதன் அவ்வாறு முற்றும் தோற்றுவிடவுமில்லை. மனிதரைப்போலத் திரையின் ஒரு பகுதியையே பார்க்கும்படி கட்டுப்படுத்தப்பட்ட இயந்திரத்தோடு மானா மீண்டும் பொருதார். சிறு படையை ஊர்தியிலேற்றி இயந்திரத்தின் தளத்தில் இறக்கினார், இயந்திரத்தின் பெருஞ்சேனை அதனைத் துரத்தத் திரும்பியது, ஊர்தி விலகியது, சேனை மீண்டும் புறப்பட்டது, ஊர்தி மீண்டும் வந்தது. இவ்வாறு அதனை முன்னும் பின்னும் இழுத்தலைக்கழித்துத் தம் சேனையைப் பெருக்கி வென்றார். கைவேகத்தால் பெற்ற வெற்றியன்று இது. எதிரியின் கவனத்தைச் செலவழிக்கச் செய்த வெற்றி. அவ்வாண்டு அக்டோபரில் வெளியான ஆய்வுரைப்படி, இயந்திரம் மூன்றினத்தினும் பெருந்தேர்ச்சி எய்தித் தரவரிசையிலுள்ள மனிதருள் 99.8 விழுக்காட்டினர்க்கு மேற்சென்றது. அதனால் மனிதர் ஆடுவதை நிறுத்திவிட்டனரா? இல்லை. ஓட்டத்தில் குதிரை மனிதனை வெல்லும் என்பதற்காக ஓட்டப்பந்தயம் ஒழிந்துவிட்டதா?

இவ்விளையாட்டிற்குப் பெருவாழ்வளித்த நாடு தென்கொரியா. 1997-இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் அங்கே கணினி ஆட்டக்கூடங்கள் தெருத்தோறும் பெருகின. அவற்றின் தலையாய ஆட்டம் ஸ்டார்கிராஃப்ட். 2000-இல் இதற்கெனத் தொலைக்காட்சி நிலையமும், ஆட்டக்காரர்க்கெனச் சங்கமும் தோன்றின. 2004-இல் பூசான் நகரக் கடற்கரையில் நடந்த இறுதிப் போட்டியைக் காண ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் திரண்டனர் என்பர். பாக்ஸர் என்னும் புனைபெயர் பூண்ட லிம் யோ-ஹ்வான், டெர்ரன் இனத்தைக்கொண்டு 2001, 2002 ஆகிய ஈராண்டுகளிலும் உலக சைபர் விளையாட்டுப் போட்டிகளில் வாகை சூடினார். படகுபோன்ற ஊர்தியில் சிலரை ஏற்றி எதிரி எதிர்பாரா இடத்தில் இறக்குவது அவர் கைவந்த கலை.

அந்நாட்டு வரலாற்றில் ஒரு கறையும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. 2010-இல், பந்தயக்காரரிடம் பணம் பெற்று வேண்டுமென்றே தோற்ற ஆட்டக்காரர் சிலர் பிடிபட்டனர். அவருள் முன்னணி வீரரும் இருந்தனர். சங்கம் அவர்களை வாழ்நாள் முழுதும் விலக்கியது. ஆட்டத்தின் பெயருக்கு அதனால் நேர்ந்த காயம் ஆறப் பன்னாள் சென்றது. தோல்வி இழிவன்று, விற்கப்பட்ட தோல்வியே இழிவு.

இதனோடு இக்களத்தின் அழகியதொரு வழக்கத்தையும் சொல்லவேண்டும். இனி மீளமுடியாது என்று உணர்ந்தவர், ‘ஜி.ஜி.’ என்று இரண்டெழுத்து எழுதிவிட்டு வெளியேறுவார். நல்லாட்டம் என்பது அதன் பொருள். தோற்றவரே முதலில் அதனைச் சொல்லுதல் மரபு. வென்றவர் முந்திச் சொன்னால் அது செருக்காகக் கருதப்படும். ஒருவரையொருவர் முகமறியாதார், நாடறியாதார், மொழியறியாதார் இருவர், கால் மணிநேரம் கடுமையாகப் பொருதபின், தோற்றவர் வென்றவரைப் பாராட்டிப் பிரிகின்றார். வசைமொழி எழுதிச் செல்வாரும் இல்லாமலில்லை. அவர்போல் ஆகாமலிருப்பது நம் பொறுப்பு. முதல் ஆட்டத்திற்கு முன்னரே புதியவர் கற்கவேண்டிய சொல் இவ்விரண்டெழுத்தே என்பது நம் கருத்து.

தொடக்கத்தில் ஒத்திவைத்த வினாவிற்கு இப்போது வருவோம். பெரியோர் கவலை கொள்வது எதனை முன்னிட்டு? மாணவன் போர் ஆடுகின்றான் என்பதையன்று. பொழுது போகின்றது என்பதையே. இக்கவலையை நாம் எளிதிற் தள்ளிவிட முடியாது. ஓர் ஆட்டம் பெரும்பாலும் பத்து முதல் இருபது நிமிடங்களில் முடிந்துவிடும். அதனாலேயே ‘இன்னும் ஒன்று’ என்னும் சொல் எளிதாகப் பிறக்கின்றது. தோற்றவன் இழந்த மதிப்பை மீட்கவேண்டி இன்னும் ஒன்று. வென்றவன் வந்த வேகத்தில் இன்னும் ஒன்று. இவ்வாறு இரவு இரண்டு மணிவரை இருந்து மறுநாள் காலை வகுப்பில் தலைசாய்ந்தவருள் நாமும் ஒருவராக இருந்ததுண்டு. சினத்தோடு தொடங்கிய ஆட்டம் எதிலும் நாம் வென்றதாக நினைவில்லை.

ஆகவே நாம் நமக்கே விதித்துக்கொண்ட நியமம் இது: ஒரு நாளுக்கு இரண்டு ஆட்டம், ஒரு பதிவு; அதற்குமேலில்லை. இரண்டிலும் தோற்றாலும் எழுந்துவிடுதல். வேடிக்கை யாதெனின், இந்நியமத்தை மேற்கொண்டபின் நம் ஆட்டம் குன்றவில்லை, வளர்ந்தது. பத்து ஆட்டத்தைச் சிந்தியாமல் ஆடுவதினும், ஒரு தோல்வியை அமைதியாக மீளப் பார்ப்பது மிகுந்த பயன் தந்தது. பெரியோரிடத்தும் நாம் வேண்டுவது ஒன்றுண்டு. சதுரங்கம் ஆடும் பிள்ளையிடம் ‘எங்கே தோற்றாய்?’ என்று கேட்பதைப்போல, இவ்வாட்டம் ஆடும் பிள்ளையிடமும் ஒருமுறை கேட்டுப்பாருங்கள். அவன் விடை சொல்லத் தெரிந்தவனாயின், அவன் பொழுது முற்றும் வீணாகவில்லை. சொல்லத் தெரியாதவனாயின், அவனைக் கடிவதற்கு உங்கட்கு உரிமையுண்டு.

கருவூலத்தில் உறங்கும் கனிமம் எவரையும் காப்பாற்றுவதில்லை என்று இவ்விளையாட்டு நமக்குக் கற்பித்தது. கனிமத்தையேனும் சிறிது நேரம் வைத்திருக்கலாம். நாளையும் நாழிகையையும் வைத்திருக்கவும் இயலாது. நாம் செலவிடாவிடினும் அவை செலவாகிக்கொண்டே இருக்கின்றன. எதன்பொருட்டுச் செலவாகின்றன என்பதை மட்டும் நாம் முடிவுசெய்யலாம். அம்முடிவைச் செய்யத் தெரிந்தவர், நண்பர்காள், அஞ்சாது களத்திற் புகுக. முதல் ஆட்டத்தில் தோற்பீர், ஐயமில்லை. அப்போது இரண்டெழுத்தை எழுதிவிட்டு, பதிவைத் திறந்து, மேன்மூலையிலுள்ள எண்ணைப் பாருங்கள்.